பிரித்த இன்ஜினை எதில் கழுவுவது?

பிரித்துப் போட்ட இன்ஜினின் பாகங்களை எதில் கழுவுவது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. மண்ணெண்ணெய் போதும் என்றார்கள் ஒரு சாரார். காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால்தான் கசடு விடும் என்றார்கள் இன்னொரு சாரார். குளோரின் கலந்த கரைப்பான்கள் வந்தபோது சிக்கல் தீர்ந்தது என்று நம்பப்பட்டது. பிறகு மணல் வீச்சு, ஒலியலைத் தொட்டி என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொரு விடையும் தன் காலத்தில் கடைசி விடையாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் எதுவும் முந்தையதை முழுதாக ஓரங்கட்டிவிடவில்லை. இன்றும் ஒரே தெருவில் உள்ள இரண்டு பட்டறைகள் இரண்டு வழிகளைக் கையாள்வதைக் காணலாம்.

தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் உள்ள கந்தர்வக்கோட்டை வட்டாரம் இக்கேள்வியை எழுப்பப் பொருத்தமான இடம். பெரும்பகுதி செம்மண் மேட்டுநிலம். கடலை, முந்திரி, கரும்பு விளையும் பூமி. ஆற்றுப் பாசனம் எட்டாத நிலங்களில் கிணற்று நீரை மேலேற்றியவை ஆயில் இன்ஜின்கள். 1946-இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் நிறுவனத்தின் இன்ஜின்களும், இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்த்தெடுத்த நகல்களும் இந்தியக் கிராமங்களெங்கும் பரவின. உழவுக்கு இலவச மின்சாரம் வந்தபின் அவற்றில் பெரும்பாலானவை ஓய்வு பெற்றன. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் டெல்டாவிலும் புதுக்கோட்டை மாவட்டத்திலும் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, குடிநீர் இறைக்கவே ஜெனரேட்டரை நம்ப வேண்டியிருந்தது. மூலையில் கிடந்த இன்ஜினின் மதிப்பு அப்போது தெரிந்தது. இவற்றோடு டிவிஎஸ் எக்ஸ்எல், புல்லட், டிராக்டர், பவர் டில்லர், மருந்தடிக்கும் கருவி எல்லாவற்றையும் சேர்த்தால், வீட்டுத் திண்ணையிலோ கொட்டகையிலோ வைத்து இன்ஜினைப் பிரித்துக் கட்டுவது இங்கே பொழுதுபோக்கு அல்ல, தேவை என்பது விளங்கும்.

மண்ணெண்ணெய்த் தட்டின் ஆட்சி

1846-இல் கனடாவின் ஆபிரகாம் கெஸ்னர் நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் எண்ணெய் ஒன்றைக் காய்ச்சி இறக்கிக் காட்டினார். விளக்குக்காகப் பிறந்த அந்த மண்ணெண்ணெய், கனிம எண்ணெயையும் கிரீஸையும் எளிதில் கரைப்பதால் பட்டறைக்குள்ளும் நுழைந்தது. ஓர் அகலத் தட்டு, ஒரு பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட் இருந்தால் போதும். அலுமினியம், இரும்பு, பித்தளை எதையும் அரிக்காது. கழுவிய பாகத்தின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால் உடனே துரு பிடிக்காது. ஒரே திரவத்தைத் தெளியவைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். இவ்வளவு நற்குணங்கள் கொண்ட வேறு திரவம் மலிவாகக் கிடைத்ததில்லை என்பது உண்மை.

ஆனால் அந்த மலிவுக்குப் பின்னால் ரேஷன் கடை இருந்தது. மானிய மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியதே அது வேறு வேலைக்குத் திருப்பப்படுவதைக் கண்டுபிடிக்கத்தான். சமையலுக்கும் விளக்குக்கும் தவிர அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1993-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. 2020-ஐ ஒட்டி மத்திய மானியமும் முடிவுக்கு வந்தது. ஆகவே மண்ணெண்ணெய்க்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் விலை என்ற காரணம் ஏறக்குறைய விழுந்துவிட்டது. அதன் இடத்தில் டீசல் வந்திருக்கிறது. டீசல் மெதுவாக ஆவியாகும், பிசுபிசுப்பை விட்டுச் செல்லும், ஆனால் வேலை நடக்கும்.

தீப்பற்றும் வெப்பநிலை பற்றிய பேச்சு இங்கே பெரும்பாலும் தவறாகவே நடக்கிறது. பெட்ரோல் ஆபத்து, மண்ணெண்ணெய் பாதுகாப்பு என்பது பொதுவான நம்பிக்கை. பெட்ரோலின் ஆவி சுழியத்துக்குக் கீழே சுமார் 40 பாகையிலேயே தீப்பிடிக்கக்கூடியது; எனவே முதல் பாதி சரி. மண்ணெண்ணெய்க்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்பது குறைந்தபட்சம் 35 பாகை செல்சியஸ்தான். குளிர்நாட்டுக் கையேடுகளில் இது நல்ல இடைவெளி. சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டைச் சீமையின் நிழல் வெப்பமே 35-ஐத் தாண்டிவிடும். தகரக் கொட்டகைக்குள் சொல்லவே வேண்டாம். அந்நேரத்தில் மண்ணெண்ணெய்த் தட்டும் தீப்பொறிக்குக் காத்திருக்கும் பொருள்தான். அயல்நாட்டுப் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்வதன் சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெட்ரோலில் கழுவுவதற்கு இன்னொரு மறந்துபோன பக்கமும் உண்டு. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000 பிப்ரவரியில்தான் நின்றது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் மெக்கானிக்குகள் வெறுங்கையைத் தோய்த்த பெட்ரோலில் தோல் வழியாக உடலுக்குள் புகும் ஈயச் சேர்மம் இருந்தது. இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை, பென்சீன் இன்னும் இருக்கிறது. எத்தனால் கலப்பு ஏறிவிட்டதால் அது காற்றின் ஈரத்தையும் இழுக்கிறது. பெட்ரோலைக் கழுவும் திரவமாகக் கொள்ள இன்று நல்ல காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வீடு என்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குழந்தைகள் குடித்துவிடுவது இந்தியக் குழந்தை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான விபத்து. அது வயிற்றைவிட நுரையீரலைத்தான் முதலில் கெடுக்கும். வாந்தி எடுக்க வைப்பது நிலைமையை மோசமாக்கும்.

காரமும் புளிப்பும்

இரண்டாவது மரபு காரத்தினுடையது. காஸ்டிக் சோடாவைச் சுடுநீரில் கரைத்து வார்ப்பிரும்பு பாகங்களை ஊறவைப்பது பெரிய பட்டறைகளின் பழைய வழக்கம். மண்ணெண்ணெய் தொடக்கூட முடியாத, வெந்து அரக்காகிவிட்ட எண்ணெயையும் பழைய பெயின்ட்டையும் அது கழற்றிவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் கோலோச்சிய காலத்தில், கரி அடைத்த சைலன்சரைச் சுத்தம் செய்யவும் இதையே நாடினார்கள். தமிழ்நாட்டில் மேட்டூரிலும் சாகுபுரத்திலும் காஸ்டிக் சோடா உற்பத்தி நெடுங்காலமாக நடப்பதால் கிடைப்பதில் சிரமமில்லை.

இந்த மரபின் அடிப்படையிலேயே ஒரு பொருத்தமின்மை ஒளிந்திருக்கிறது. காரம் கொழுப்பைச் சோப்பாக மாற்றும். அது தாவர எண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் பொருந்தும். தொடக்ககால இன்ஜின்கள் சிலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றப்பட்டது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டி வந்ததுதான். அந்த எண்ணெய்களுக்குக் காரம் சரியான மருந்தாக இருந்திருக்கலாம். இன்றைய கனிம எண்ணெய் காரத்தோடு சேர்ந்து சோப்பாகாது. காரத் தொட்டி இன்றும் வேலை செய்வதற்குச் சூடும், உடன் சேர்க்கும் டிடர்ஜெண்ட்டும், எரிந்து அமிலத்தன்மை ஏறிய பகுதியைக் காரம் தாக்குவதும் காரணங்கள் எனலாம்.

இதைவிடப் பெரிய பலவீனம் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். ஆயில் இன்ஜினின் வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு அமிர்தமாக இருந்தது, பைக்கின் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் கிராங்க்கேஸுக்கும் நஞ்சு. பழைய புல்லட் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு: சிலிண்டர் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே வண்டியின் அடுத்தடுத்த இரண்டு பாகங்களை ஒரே தொட்டியில் போட முடியாது. கார்புரேட்டர் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அதையும் காரம் விடாது. இரும்போடு மட்டும் பழகிய தலைமுறையின் அறிவு, அலுமினியம் மேலோங்கிய தலைமுறைக்கு அப்படியே கைமாறியதில்தான் பல ஹெட்டுகள் பாழாயின என்று ஊகிக்க இடமுண்டு. சலவைச் சோடா இவ்வளவு கொடியதல்ல. ஆனால் சூடான கரைசலில் நெடுநேரம் ஊறினால் அதுவும் அலுமினியத்தைக் கருக்கும்.

அமிலத் தரப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி தேய்க்கும் வீட்டில், பித்தளை ஜெட்டுக்கும் ரேடியேட்டர் தொட்டிக்கும் புளி தேய்ப்பது இயல்பு. புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது, கைக்குத் தீங்கில்லை. துருவுக்குச் சிட்ரிக், ஆக்சாலிக், பாஸ்பாரிக் அமிலங்கள் உதவுகின்றன. எண்ணெய்க் கசட்டை இவற்றில் எதுவும் அசைக்காது. தவிர, வால்வு ஸ்பிரிங், கடினமாக்கிய போல்ட் போன்றவற்றை அமிலத்தில் ஊறவைத்தால் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும் ஸ்பிரிங், ஓடும்போது உடையும்.

தீர்வு என்று வந்த கரைப்பான்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தீப்பற்றாத கரைப்பான் என்ற கனவு நனவாயிற்று. கார்பன் டெட்ராகுளோரைடும் டிரைகுளோரோஎத்திலீனும் கிரீஸைக் கணத்தில் கரைத்தன, உடனே உலர்ந்தன, எரியவில்லை. டிரைகுளோரோஎத்திலீனை 87 பாகையில் கொதிக்கவைத்து அதன் ஆவியிலேயே பாகங்களைக் கழுவும் முறை தொழிற்சாலைகளை ஆண்டது. தூய்மை என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இவற்றுக்கு இணை குறைவு.

விலை பிறகு தெரிந்தது. முதலாவது ஈரலைக் கெடுத்தது, ஓசோன் படலத்தையும் கெடுத்தது. மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் இந்தியா 2010-க்குள் அதைக் கைவிட்டது. இரண்டாவதை 2012-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதற்குத் தடை விதி வெளியிட்டது. ஸ்பிரே டப்பாவில் வரும் பிரேக் கிளீனர்களில் சிலவற்றில் இக்குடும்பத்துப் பொருள்கள் இருக்கக்கூடும். அப்படிக் கழுவிய பாகத்தை ஈரம் காயுமுன் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். டப்பாவின் பின்புற எழுத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாத பொருள் இது.

வீச்சும் ஒலியும்

1870-இல் அமெரிக்கர் டில்மன் மணல் வீச்சுக்குக் காப்புரிமை பெற்றார். கரைக்க முடியாததை அடித்து உதிர்ப்பது என்பது அதன் தத்துவம். மணலின் சிலிக்கா தூசி நுரையீரலை இறுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தருவதால் கண்ணாடி மணி, வால்நட் ஓடு, சமையல் சோடா போன்ற மாற்றுகள் வந்தன. வெளித்தோற்றத்துக்கு இவை அழகு சேர்ப்பதை மறுக்க முடியாது. ஆனால் எண்ணெய்த் துளைக்குள் ஒளிந்த ஒரு பிடி கண்ணாடி மணி, புது பேரிங்கை ஓடத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே கீறிவிடும். கேஸ்கெட் முகத்தை உப்புத்தாளாலோ சுழலும் உராய்வுத் தட்டாலோ தேய்ப்பதும் இதே வகைதான். அதன் துகள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்பதாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் சர்வீஸ் நிலையங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது.

ஒலியலைத் தொட்டியின் அறிவியல் கப்பல் விசிறியிலிருந்து தொடங்குகிறது. நீரில் உருவாகும் குமிழ்கள் நொறுங்கும்போது எழும் அழுத்தம் விசிறியை அரிப்பதை 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டு விளக்கினார். அழிவாகப் பார்க்கப்பட்ட அதே நிகழ்வைச் சிறிய அளவில் நொடிக்கு 40 ஆயிரம் அதிர்வுகளில் நிகழ்த்தினால் அது கழுவும் வேலையாகிறது. கார்புரேட்டரின் ஊசித்துளைகளுக்கு இதைப்போல் வேறொன்று இல்லை. இது தயக்கமின்றிச் சொல்லக்கூடிய மதிப்பீடு. ஆனால் வீட்டுக்கு வாங்கக்கூடிய தொட்டியில் ஆயில் இன்ஜினின் ஹெட் உள்ளே போகாது. தடித்த கரியை அது முழுதாக எடுப்பதும் இல்லை. காரம் கூடிய கரைசலில் அதிகநேரம் விட்டால் அலுமினியத்தின் முகம் மங்கிப் பொரியும்.

கரியை எவ்வளவு எடுப்பது?

எப்படி எடுப்பது என்பதோடு, எடுக்கத்தான் வேண்டுமா என்ற விவாதமும் உண்டு. சிலிண்டரைக் கழற்றாமல் ஹெட்டை மட்டும் இறக்கிக் கரி சுரண்டும்போது, பிஸ்டன் உச்சியின் விளிம்பில் ஒரு கரி வளையத்தை விட்டுவிட வேண்டும் என்பது பழைய பிரிட்டிஷ் பட்டறை மரபு. அவ்வளையம் எண்ணெய் மேலேறுவதைத் தடுக்கிறது என்பது அவர்கள் வாதம். தேய்ந்த இன்ஜினுக்கு அது பொருந்தக்கூடும். முழுதாகப் பிரித்து ரிங் மாற்றும் வேலையில் அவ்வாதத்துக்கு இடமில்லை. ரிங் அமரும் பள்ளத்தில் கரி மிஞ்சினால் புது ரிங் சுதந்திரமாக அசையாது, அழுத்தம் கசியும். பள்ளத்தின் அலுமினியத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தாலும் அதே கசிவுதான். உடைந்த பழைய ரிங்கின் துண்டால் பதமாகச் சுரண்டும் நம்மூர் வழக்கத்தில் நியாயம் இருக்கிறது, கை கட்டுப்பாட்டில் இருக்கும்வரை.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

இதுவரை பார்த்த தரப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பற்றியவை: கிரீஸ், கசடு, கரி, துரு. பிரித்துக் கட்டிய இன்ஜினைச் சீக்கிரம் சாகடிப்பது பெரும்பாலும் இவையல்ல. இன்ஜினில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி சில பத்து மைக்ரான். ஓடும்போது எண்ணெய்ப் படலத்தின் மிக மெல்லிய இடம் அதிலும் சிறு பங்கு. மனிதக் கண்ணால் எளிதில் பிரித்தறியக்கூடிய துகளோ சுமார் 40, 50 மைக்ரான். ஆகவே சேதம் செய்யப் போதுமான துகளில் பெரும்பகுதி பார்வைக்கு எட்டாது. ஜெர்மன் கார் தொழில் இதற்கென அளவுமுறை வகுத்தது. பிறகு ஐஎஸ்ஓ 16232 என்ற பன்னாட்டுத் தரம் வந்தது. பாகத்தைக் கழுவி, கழுவிய நீரை வடிகட்டி, துகள்களை எண்ணுவது அதன் வழி. பளபளப்பு அதன் கணக்கில் வராது.

துகள் மூன்று வாசல் வழியே வருகிறது. முதலாவது வார்ப்பு மணல். ராஜ்கோட் நகல் இன்ஜின்களை இறக்குமதி செய்த அமெரிக்க ஆர்வலர்கள், புத்தம்புது இன்ஜினையே ஓட்டுவதற்கு முன் பிரித்து, உட்சுவரில் ஒட்டிய வார்ப்பு மணலைக் கழுவ வேண்டும் என்பதைக் கிட்டத்தட்ட விதியாகவே வைத்திருந்தார்கள். நம் தோட்டங்களில் அதே இன்ஜின்கள் பிரிக்காமலேயே பூட்டப்பட்டன. இரண்டாவது செம்மண் தூசி. அதன் குவார்ட்ஸ் துகள் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. கழுவி வெயிலில் திறந்து வைத்த பாகத்தின்மேல் ஒரு காற்று அடித்தால் போதும். மூன்றாவது, லேத் பட்டறையில் போரிங், ஹோனிங் முடித்து வரும் சிலிண்டரில் மிஞ்சும் கல்பொடி.

இந்தக் கல்பொடியில்தான் மண்ணெண்ணெய் மரபு முற்றாகத் தோற்கிறது. ஹோனிங் செய்த சுவரில் குறுக்குமறுக்காக நுண்கோடுகள் இருக்கும்; பொடி அவற்றுக்குள் பதிந்திருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பொடியைப் பிடித்திருந்த எண்ணெயைக் கரைத்து ஆவியாகின்றன. பொடி அங்கேயே தங்கிவிடுகிறது. துடைத்துப் பார்த்தால் சுவர் மின்னும். சோப்பு நீர் வேறு விதமாக வேலை செய்கிறது: துகளைச் சுற்றிவளைத்து நீரில் மிதக்கவிட்டு அலசலோடு வெளியே கொண்டுபோகிறது. அதனால்தான் பிஸ்டன் ரிங் தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகக் கரைப்பானை விலக்கி, சுடுநீர், டிடர்ஜெண்ட், விறைத்த பிரஷ் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். அலசிக் காயவைத்தபின், எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியால் சுவரைத் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி கழுவ வேண்டும். இவ்வளவு மலிவான வழிக்கு வீட்டுப் பட்டறைகளில் இவ்வளவு குறைந்த மதிப்பு இருப்பது வியப்புதான். தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

அந்த அச்சம் பொய்யல்ல. புதிதாக ஹோனிங் செய்த வார்ப்பிரும்பு நிமிடங்களில் செம்மை பூசிக்கொள்ளும். கம்ப்ரசர் காற்றால் உடனே உலர்த்தி, உடனே எண்ணெய் பூசினால் போதும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் இன்னொரு தொல்லை: கடின நீரில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும், காய்ந்தபின் வெள்ளைத் தடம் விடும். பாத்திரம் கழுவும் திரவமும், கடைசி அலசலுக்கு மழைநீரோ கேன் தண்ணீரோ அதைத் தவிர்க்கும்.

எண்ணெய்த் துளைகள் தனிக் கவனம் கேட்பவை. அடைப்பான்களைக் கழற்றி, நீண்ட குழல் பிரஷை உள்ளே ஓட்டாமல் எந்தத் திரவமும் பயன் தராது. ஸ்பிளெண்டர் வகை இன்ஜின்களில் கிராங்கின் நுனியில் சுழலும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது திரட்டிய கசடு பசையாக இறுகியிருக்கும், பலர் அதைத் திறப்பதே இல்லை. திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட் தமிழ்நாட்டுப் பட்டறைகளின் அடையாளம். வெளிப்பாகங்களுக்கு அது போதும். உள்ளே துடைத்தால் அதன் இழையே அடைப்பாகும்.

தீராதவை

எந்தத் திரவம் சிறந்தது என்ற கேள்வி, எந்த அழுக்கு, எந்த உலோகம் என்று கேட்காதவரை விடையற்றது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கிரீஸுக்கு ஒரு எண்ணெய்க் கரைப்பான், கடைசியில் சோப்பு நீர் என்ற வரிசை பெரும்பாலான வீட்டு வேலைக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. எவ்வளவு தூய்மை போதும் என்பதுதான் திறந்தே நிற்கிறது. தொழிற்சாலைத் தரம் துகளை எண்ணுகிறது. வெள்ளைத் துணிச் சோதனை அதற்கு எவ்வளவு நெருங்குகிறது என்பதை வீட்டளவில் அளக்க எளிய வழி ஏதும் பரவலாகவில்லை. நிமிடத்துக்கு 650 சுற்றில் ஓடும் லிஸ்டர் வகை இன்ஜினுக்கும் அதிவேகப் பைக்குக்கும் ஒரே தூய்மை தேவையா என்பதும் பேசப்பட வேண்டியது.

தாவர எண்ணெயின் மெத்தில் எஸ்டர் ஒரு புதிய போட்டியாளர். பொதுவாக 100 பாகைக்கு மேல்தான் அது தீப்பற்றும். நம் வெயிலுக்கு மண்ணெண்ணெயைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. புங்கன் விதையிலிருந்தும் செய்யலாம். ஆனால் மெதுவாக வேலை செய்கிறது, படலத்தை விடுகிறது, அப்படலம் நாளடைவில் பிசினாகிறது. சிறு அளவில், சீரான தரத்தில் கிடைக்கும்வரை அதைப் பரிந்துரைப்பது அவசரம்.

கழுவி முடித்த திரவத்தின் கதி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. பயன்படுத்திய எண்ணெய், இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்மீதும் சுமத்தப்பட்டுள்ளது. அந்த ஏற்பாடு வீட்டுக் கொட்டகையில் மிஞ்சும் ஐந்து லிட்டர் கருப்பு மண்ணெண்ணெய்வரை வந்து சேர எளிய வழி வேண்டும். குடிக்கவும் பாசனத்துக்கும் நிலத்தடி நீரையே நம்பும் கந்தர்வக்கோட்டை போன்ற வட்டங்களில், உள்ளாட்சி அமைப்புகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து ஒரு சேகரிப்பு இடத்தையாவது திறக்க வேண்டும். அதுவரை, கழுவிய திரவத்தை மண்ணில் கொட்டாமல் மூடியுள்ள பழைய எண்ணெய்க் கேனில் தெளியவைத்து, மேலே உள்ளதை மறுபடி பயன்படுத்தி, அடியில் தங்கும் கசட்டை அனுமதி பெற்ற பழைய எண்ணெய் வியாபாரியிடம் சேர்ப்பியுங்கள்.